பியருக்குள் தக்காளி புகுந்த கதை

மெக்சிகோவில் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மீன் உணவுக் கடைக்குள் நுழைந்தால், பக்கத்து மேசைக்கு வரும் கோப்பையைப் பார்த்துக் கொஞ்சம் திகைக்க நேரிடும். வாய் அகன்ற கனத்த கண்ணாடிக் கோப்பை. விளிம்பைச் சுற்றி உப்பும் மிளகாய்த்தூளும் அப்பியிருக்கும். உள்ளே ஐஸ், எலுமிச்சைச் சாறு, கறுப்பாக ஏதோ ஒரு சாஸ் சில துளி, பாதிக்குமேல் தக்காளிச் சாறு. அதன் தலையில் பியர் நுரைத்துக்கொண்டு இறங்கும். தாராள மனசுக் கடைக்காரராக இருந்தால் மேலே நாலு இறாலையும் செருகித் தருவார். இதற்கு மிச்செலாடா என்று பெயர். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று வாசித்துக் காட்டினால், "ரசத்தில் பியரை ஊற்றிவிட்டார்களா?" என்றுதான் நம் ஆட்கள் கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. தக்காளி, காரம், புளிப்பு, உப்பு எல்லாம் இருக்கின்றன. புளியும்கூட ஒளிந்திருக்கிறது, அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

யாரோ ஒரு குடிகாரருக்கு விடியற்காலையில் தோன்றிய கிறுக்குத்தனம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தக் கோப்பையில் உள்ள ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடல் தாண்டியிருக்கிறது. தக்காளிக்கு மெக்சிகோ பிறந்த வீடு. ஆனால் இந்தக் கோப்பைக்குள் அது நேராக வந்து சேரவில்லை. ஊரெல்லாம் சுற்றி, டின்னில் அடைபட்டு, கடைசியில் வடக்கிலிருந்து இறங்கி வந்தது.

தக்காளியின் காட்டு மூதாதைகள் தென் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில், இன்றைய பெரு, ஈக்வடார் பகுதிகளில் முளைத்தவை. பழம் பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதைப் பயிராக்கிப் பெருக்கியவர்கள் மெக்சிகோ மக்கள். ஸ்பானியர்கள் வந்து இறங்கிய 16ஆம் நூற்றாண்டில், பெர்னார்டினோ தெ சஹகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி ஆஸ்டெக் வாழ்க்கையைப் பற்றி ஒரு பெரும் தொகுப்பு எழுதினார். அதில் சந்தையும் வருகிறது. நல்ல தக்காளி வியாபாரி எப்படிப்பட்டவர், அழுகலையும் காயையும் தள்ளிவிடும் கெட்ட வியாபாரி எப்படிப்பட்டவர் என்று கோயம்பேட்டில் நின்று எழுதியவர் போலப் பிரித்துச் சொல்கிறார். மிளகாயும் தக்காளியும் பூசணி விதையும் சேர்த்து அரைத்த குழம்பு வகைகளும் அங்கே விலைக்குக் கிடைத்தன. காரமும் தக்காளியும் அந்த மண்ணில் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே கைகோத்துவிட்டன. பியர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

தக்காளி கப்பலேறியது. 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதைப் பற்றி எழுதினார். அதற்காக ஐரோப்பியர்கள் உடனே வாயில் போட்டுக்கொண்டுவிடவில்லை. 1597இல் தாவர நூல் எழுதிய ஆங்கிலேயர் ஜான் ஜெரார்ட் தன் தோட்டத்தில் அதை வளர்த்தார். ஆனால் செடி நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். 1690களில்தான் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவரின் சமையல் நூலில் ஒரு தக்காளி சாஸ் அச்சேறியது. அதற்கும் அவர் 'ஸ்பானிய முறை' என்று பெயர் வைத்தார். இத்தாலியர்களின் தக்காளி சாஸே இரவல் சரக்குதான்.

இனி பியர் பக்கம் போவோம். நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் மெசபடோமியாவில் குழல் போட்டு உறிஞ்சிய காலத்திலிருந்து தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. நமக்கு வேண்டியது பொன்னிறமான, குளிரக் குளிரக் குடிக்கும் லாகர் மட்டும். அதை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ரொட்டிக்கும் பழைய வகை பியருக்கும் பயன்படும் ஈஸ்ட் அதன் ஒரு பெற்றோர். இன்னொன்று எது என்று நெடுநாள் பிடிபடவில்லை. 2011இல் அர்ஜென்டினாவின் பட்டகோனியாக் காடுகளில், மரத்தில் தொங்கும் பூஞ்சை முடிச்சுகளில் அது அகப்பட்டது. தக்காளியின் கண்டத்திலேயே லாகரின் மூதாதையுமா என்று பியர் பிரியர்கள் குதித்தார்கள். ஆனால் கணக்கு இடித்தது: கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முன்பே பவேரியாவின் குளிர் நிலவறைகளில் லாகர் காய்ச்சியிருக்கிறார்கள். 2014இல் அதே இனம் திபெத்தில் கிடைத்தது, 2022இல் அயர்லாந்தில். பழைய உலகத்துக்குள்ளேயே நடந்த கல்யாணம்தான் என்று ஆயிற்று.

பவேரியர்களின் லாகர் கறுத்த நிறம். அதை வெளுக்க வைக்கும் வித்தை பிரிட்டனில் இருந்தது: புகை படாமல் மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) உலர்த்தும் சூளை. 1833இல் மியூனிக்கின் கேப்ரியல் சேடில்மயரும் வியன்னாவின் ஆன்டன் டிரெஹரும் பிரிட்டனுக்கு 'படிக்க'ப் போனார்கள். உள்ளே துளையிட்ட கைத்தடி ஒன்றை வைத்துக்கொண்டு, மதுவடிக்கும் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கும் சாக்கில் தொட்டியில் நனைத்து மாதிரி எடுத்துவந்தார்கள். விடுதி அறையில் உட்கார்ந்து அளந்து பார்த்தார்கள். இன்று இதைத் தொழில் உளவு என்போம். அவர்கள் கல்விச் சுற்றுலா என்று நினைத்திருக்கலாம். ஊர் திரும்பிய டிரெஹர் 1841இல் செம்பொன் நிறத்தில் வியன்னா லாகரை இறக்கினார்.

அடுத்த ஆண்டே அதற்குப் போட்டி வந்தது. பொஹீமியாவின் பில்சன் நகரில் பியர் அவ்வளவு மோசமாக இருந்ததால், 1838இல் 36 பீப்பாய்களை நகர மன்றத்தின் வாசலிலேயே கொட்டினார்கள். பிறகு புது ஆலை கட்டி, முரட்டு சுபாவத்துக்குப் பேர்போன யோசெப் குரோல் என்ற பவேரியரைக் கூட்டிவந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் முதல் தொட்டி காய்ச்சினார். உப்பு குறைந்த அந்த ஊர்த் தண்ணீர், பக்கத்து ஊர் ஹாப்ஸ் பூ, ஆங்கிலேய பாணிச் சூளையில் உலர்த்திய வெளிர் மால்ட். வந்தது தெளிந்த தங்கநிற பியர். மூன்றே ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து குரோல் ஊர் திரும்பிவிட்டார். அவருடைய பியரை உலகமே காப்பியடித்தது. இன்று உலகில் விற்கும் பியரில் பெரும்பகுதி பில்சனின் நகல், அல்லது நகலின் நகல். பில்சன்காரர்கள் வணிகச்சின்னம் பதிந்து, பெயரோடு 'அசல்' என்றும் சேர்த்துப் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்?

மெக்சிகோவில் 1540களிலேயே எரேரோ என்ற ஸ்பானியர் அரசரிடம் அனுமதி வாங்கி பியர் காய்ச்சியிருக்கிறார். எடுபடவில்லை. கற்றாழையிலிருந்து இறக்கும் புல்கே என்ற கள் அங்கே மலிவாகக் கிடைத்தது. மெக்சிகோ பியரின் பெருமையை வழிகாட்டிகள் வழக்கமாக மாக்சிமிலியன் தலையில் சூட்டுவார்கள். ஆஸ்திரிய இளவரசர், பிரெஞ்சுப் படையின் துணையோடு 1864இல் மெக்சிகோவின் பேரரசர் ஆனவர், 1867இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். மூன்று ஆண்டு ஆண்டவர், அதிலும் பாதிக் காலம் போரில் கழித்தவர் ஒரு தொழிலையே வளர்த்தார் என்பதை நான் நம்பமாட்டேன். உண்மையான வேலையைச் செய்தவர்கள் பின்னால் வந்தவர்கள்: தொலூக்காவில் ஆலை நடத்திய சுவிஸ்காரர் சந்தியாகோ கிராஃப், ஒரிசாபாவில் வில்ஹெல்ம் ஹாசே, இவர்களோடு ஐஸ் இயந்திரமும் ரயிலும். 1884இல் மெக்சிகோ நகரத்துக்கும் அமெரிக்க எல்லைக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர பியர் குவிந்தது. அதற்குப் பதிலடியாக 1890இல் மான்டெரேயில் ஓர் ஆலை எழுந்தது. அதன் பங்காளிகளில் ஒருவர் அதே செயின்ட் லூயிஸில் பியர் காய்ச்சிய குடும்பத்து ஷ்னைடர். ஆலைக்கு வைத்த பெயர் குவாட்டமோக். ஆஸ்டெக்குகளின் கடைசிப் பேரரசர். ஒரிசாபா ஆலைக்கு மொக்தெசுமா. வாசலில் ஆஸ்டெக் மன்னர், தொட்டியில் ஜெர்மானிய ஈஸ்ட்! டிரெஹரின் வியன்னா லாகர் முதல் உலகப் போருக்குப் பிறகு சொந்த ஊரில் ஏறக்குறைய மறைந்துபோனது. உயிர் பிழைத்தது மெக்சிகோவில். நெக்ரா மொதேலோ, தோஸ் எக்கிஸ் போன்ற கருஞ்சிவப்பு பியர்கள் அதன் வழிவந்தவை.

எலுமிச்சை போனது நம் பக்கத்திலிருந்து. தென் ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும் அதன் தாயகம். அரபு வணிகர்கள் ஸ்பெயின் வரை கொண்டுபோனார்கள். 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் எலுமிச்சை இன விதைகள் அட்லாண்டிக் தாண்டின. எதிர்த்திசையில் மிளகாய் போர்ச்சுகீசியர் கையால் நம்மிடம் வந்தது. மாங்காயும் ஆசியாவிலிருந்து மெக்சிகோ போயிற்று. பண்டமாற்று எவ்வளவு கச்சிதம் என்றால், மெரினா கடற்கரையிலும் மெக்சிகோ தெருமுனையிலும் இன்று ஒரே மாங்காய்க்கீற்று, ஒரே உப்பு, ஒரே மிளகாய்த்தூள். அந்தத் தூளையே மெக்சிகோக்காரர்கள் பியர்க் கோப்பையின் விளிம்புக்கும் நகர்த்தினார்கள். ஹலிஸ்கோ மாநிலத்தில் 1985இல் தொடங்கிய தஹீன் என்ற நிறுவனம் மிளகாய், எலுமிச்சை, உப்பு மூன்றையும் புட்டியில் அடைத்து உலகமெங்கும் விற்கிறது.

பியரில் எலுமிச்சை பிழிவது ஏன்? ஈயை விரட்ட என்பார்கள், டின்னின் துருவைத் துடைக்க என்பார்கள், கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடைக்காரர் கட்டிய பந்தயம் என்பார்கள். இன்னொரு காரணம் மெக்சிகோவின் கொரோனா பியரின் புட்டியிலேயே இருக்கிறது. வெள்ளைக் கண்ணாடிப் புட்டியில் வெயில் பட்டால் ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றம் கிளம்பும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற பிராணி எதிரியை விரட்டப் பீய்ச்சும் நாற்றத்துக்கு அது நெருங்கிய உறவு என்று 2001இல் வேதியியலாளர்கள் விளக்கினார்கள். வெயிலைத் தடுக்கும் பழுப்புப் புட்டி வாங்கச் சோம்பல்பட்டதை எலுமிச்சைத் துண்டு மூடி மறைக்கிறது என்பது என் சந்தேகம்.

இப்போது அந்தக் கறுப்பு சாஸ். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் லீ, பெர்ரின்ஸ் என்ற இரண்டு மருந்துக்கடைக்காரர்கள் 1837இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கதை இப்படிப் போகிறது: வங்காளத்தில் கவர்னராக இருந்து திரும்பிய சாண்டிஸ் பிரபு அங்கே ருசித்த சாஸைச் செய்து தரச் சொன்னார், இவர்கள் செய்தார்கள், வாயில் வைக்க முடியவில்லை, பீப்பாயை நிலவறையில் தள்ளி மறந்தார்கள், பல மாதம் கழித்துத் திறந்தால் அமிர்தம். இதில் ஒரு சின்ன இடைஞ்சல், வங்காள கவர்னர்கள் பட்டியலில் சாண்டிஸ் என்று யாரும் இல்லை. ஆனால் சாஸுக்குள் இந்தியா நிஜமாகவே இருக்கிறது. வினிகரோடும் ஊறவைத்த நெத்திலியோடும் சேரும் இன்னொரு சரக்கு நம் புளி. மெக்சிகோக்காரர்கள் இதை 'ஆங்கிலேய சாஸ்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். கூடவே சுவிட்சர்லாந்தின் யூலியுஸ் மேகி 1886இல் வெளியிட்ட கறுப்புத் திரவத்தையும் சில துளி விடுவார்கள். நமக்கு நூடுல்ஸாகத் தெரிந்த அதே மேகி.

எல்லாம் வந்துவிட்டன. தக்காளி மட்டும் இன்னும் குழம்பிலேயே கிடக்கிறது, குடிக்கும் பொருளாகவில்லை. அது நடந்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பிரெஞ்ச் லிக் என்ற ஊற்று நீர் விடுதியில். 1917இல் ஒரு காலைவேளை அங்கே ஆரஞ்சு தீர்ந்துபோயிற்றாம். லூயி பெர்ரின் என்ற தலைமைச் சமையல்காரர் தக்காளியைப் பிழிந்து, கொஞ்சம் சர்க்கரையும் தன் கைமணமாக ஒரு சாஸும் சேர்த்துக் கொடுத்தார். (வூஸ்டர் பெர்ரின்ஸுக்கும் இவருக்கும் உறவில்லை. பெயர்ப் பொருத்தம் மட்டும்.) சிகாகோவிலிருந்து ஓய்வெடுக்க வந்த வணிகர்கள் ஊர் திரும்பி அதே சாற்றைக் கேட்க ஆரம்பித்தார்கள். டின்னில் அடைத்தால் நாரும் நீரும் பிரிந்து கெட்ட கோலமாக நின்றது. அதே இண்டியானாவின் கெம்ப் குடும்பத்தார் ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரம் ஒன்றைத் தக்காளிக்குத் திருப்பி, 1928இல் அந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. 1920 முதல் 1933 வரை. ஆரஞ்சு இல்லாத குறைக்கு வந்த சாறு, மது இல்லாத குறைக்கும் ஆகட்டும் என்று பரவியது.

மதுவிலக்குக்குத் தப்பிப் பாரிஸில் குவிந்திருந்தவர்களுக்கு அந்த டின் சாறு கிடைத்ததும், ஹாரிஸ் நியூயார்க் பார் என்ற கடையில் பெர்னாந்த் பெத்தியோ அதை வோட்காவோடு கலந்தார் என்பது பிளடி மேரியின் பிறப்புக் கதை. 1934இல் நியூயார்க் வந்த பிறகு அவர் மிளகு, எலுமிச்சை, உப்பு, வூஸ்டர் சாஸ் எல்லாம் சேர்த்து அதை முழுமையாக்கினார். மிச்செலாடாவின் மசாலா டப்பா இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வோட்காவும் பியரும்தான் வித்தியாசம். நெப்ராஸ்கா போன்ற அமெரிக்க மாநிலங்களின் மதுக்கடைகளில் பியரில் வெறும் தக்காளிச் சாற்றை ஊற்றிச் 'சிவப்பு பியர்' என்றார்கள். கனடாவின் கால்கரியில் அதுவே 'சிவந்த கண்'. முந்தின இரவின் தலைவலிக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு குடிப்பது. 1988இல் வந்த 'காக்டெய்ல்' என்ற ஹாலிவுட் படத்தில் வோட்கா ஊற்றி, பச்சை முட்டையும் உடைத்துப் போட்டு இதைக் கொடூரமாக்கிக் காட்டினார்கள்.

அதே கால்கரியில் 1969இல் இன்னொரு திருப்பம். ஒரு ஹோட்டலின் புதிய இத்தாலிய உணவகத்துக்காகப் புது பானம் கேட்டார்கள். மான்டினீக்ரோவில் பிறந்த வால்டர் செல் என்ற மதுக்கலைஞர், மட்டிக்கறி போட்ட தக்காளி ஸ்பகெட்டியை நினைத்துக்கொண்டு, மட்டியை நசுக்கித் தக்காளிச் சாற்றில் கலந்து வோட்கா ஊற்றினார். சீசர் என்று பெயர். இன்று கனடாவின் தேசிய பானம் என்றே சொல்லலாம். ஏறக்குறைய அதே சமயத்தில், ஆப்பிள் சாறு விற்ற மாட்ஸ் நிறுவனம் நியூயார்க்கின் மட்டி சூப் ருசியைப் புட்டியில் பிடிக்க முயன்று கிளமாட்டோவை இறக்கியிருந்தது. தக்காளிச் சாறு, மசாலா, மட்டிச் சாற்றின் ஒரு துளி வாசனை, அஜினமோட்டோ. தனியாகக் குடிக்கவென்றுதான் அதைத் தயாரித்தார்கள். வாங்கியவர்கள் கேட்டால்தானே! கனடாக்காரர்கள் வோட்காவில் ஊற்றினார்கள், மெக்சிகோக்காரர்கள் பியரில் ஊற்றினார்கள். ஆஸ்டெக் சந்தையிலிருந்து புறப்பட்ட தக்காளி, மட்டி மணத்தோடு அமெரிக்கப் புட்டியில் எல்லை தாண்டித் தாய்வீடு திரும்பியது இப்படித்தான்.

மிச்செலாடாவை முதலில் கலந்தவர் யார் என்பதற்கு மெக்சிகோவில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் மெக்சிகோப் புரட்சிக் காலத்துத் தளபதி மிச்செல். படைவீரர்களோடு மதுக்கடைக்குள் நுழைந்து காரசாரமாக பியர் கேட்டாராம். கதையில் தூசியும் குதிரையும் கொஞ்சம் அதிகம். இன்னொருவர் சான் லூயிஸ் பொத்தோசி நகர விளையாட்டுக் கழகத்தின் உறுப்பினர் மிச்செல் எஸ்பெர். 1960களில் ஐஸ், உப்பு, எலுமிச்சை போட்டு, குழலும் வைத்து பியர் கேட்பாராம். மற்றவர்கள் 'மிச்செல் குடிப்பது போல' என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு இது நம்பத்தகுந்ததாகப் படுகிறது. வெயிலில் டென்னிஸ் ஆடிவிட்டு வந்தவருக்கு எலுமிச்சை உப்பு கேட்கத்தான் தோன்றும். இரண்டு கதையிலும் தக்காளி இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றும் மெக்சிகோ நகரில் வெறுமனே மிச்செலாடா கேட்டால் உப்பும் எலுமிச்சையும் மட்டும் வரலாம். சிவப்பு வேண்டுமானால் கிளமாட்டோவோடு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பியரில் எதையாவது கலப்பதில் ஜெர்மானியர்களும் ஒன்றும் யோக்கியர்கள் அல்ல. 1516இல் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் பியரில் கூடாது என்று சட்டம் போட்ட அதே பவேரியாவில்தான், 1922இல் விடுதிக்காரர் குக்லர் 13,000 சைக்கிள்காரர்கள் ஒரே நாளில் வந்து இறங்கியதால் பியரில் பாதிக்குப் பாதி எலுமிச்சை சோடா கலந்து சமாளித்ததாகக் கதை. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே வந்த ஒரு புத்தகத்தில் அந்தப் பானம் தலைகாட்டிவிட்டது என்பது வேறு விஷயம்.

பெரிய நிறுவனங்கள் கடைசியில்தான் முழித்துக்கொள்ளும். 2007இல் மில்லர் நிறுவனம் எலுமிச்சை, உப்பு சேர்த்த பியரை இறக்கியது. சில ஆண்டுகளில் அது ஓய்ந்தது. பட்வைசர் 2008இல் கிளமாட்டோவோடே கைகோத்து டின்னில் அடைத்தது. மெக்சிகோவின் மொதேலோ பிறகு தன் பங்குக்கு இறங்கி அமெரிக்கச் சந்தையைப் பிடித்தது. 2023இல் மொதேலோவின் சாதாரண லாகரே அமெரிக்காவில் பணக்கணக்கில் முதலிடத்துக்கு ஏறி, பட்வைசர் குடும்பத்து பட் லைட்டை இறக்கிவிட்டது. ஜப்பானில் தக்காளி பியருக்கு ஆங்கிலப் பெயரிலேயே 'ரெட் ஐ' என்கிறார்கள். அசாஹி 2012இல் அதையும் டின்னாக்கியது. அங்கே காரம் கிடையாது, விளிம்பில் தூள் கிடையாது, சாறும் பியரும் மட்டும்.

சரி, இது ஏன் ருசிக்கிறது? 1908இல் இகெதா கிகுனாயே என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, உமாமி என்ற ஐந்தாம் சுவையைச் சுட்டினார். பழுத்த தக்காளியில் அது ஏராளம். நெத்திலி, மேகி, கிளமாட்டோ எல்லாமே அதே சுவையை ஏற்றுபவை. லுப்தான்சா விமானங்களில் பியருக்கு ஈடாகத் தக்காளிச் சாறு செலவாவதைப் பார்த்துக் குழம்பிய நிறுவனம், ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிலையத்தைக் கேட்டது. தரையில் மக்கிப்போன வாடையடிக்கும் சாறு, காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் பழமணத்தோடு இருக்கிறது என்று 2010இல் பதில் வந்தது. 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 85 டெசிபல் விமான இரைச்சலைக் காதில் போட்டுச் சோதித்தார்கள்: இனிப்பு மங்கியது, உமாமி ஓங்கியது. சத்தமான மதுக்கடைக்கும் இது பொருந்தும் என்று யாராவது நிரூபித்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

எந்த பியரில் ஊற்றுவது என்பதில் சண்டை ஓயாது. ஹாப்ஸ் தூக்கலான கசப்பு பியர் தக்காளியோடு சேர்ந்தால் மருந்து போல ஆகிவிடும்; கறுப்பு ஸ்டவுட் கூடவே கூடாது. பெரும்பாலோர் தெக்காத்தே, பசிபிகோ, விக்டோரியா என்று மெல்லிய லாகர் பக்கம் நிற்கிறார்கள். டிரெஹரின் வழிவந்த கருஞ்சிவப்பு பியருக்கே என் ஓட்டு. மால்ட்டின் வறுத்த வாசம் தக்காளியின் புளிப்பை அணைத்துக்கொள்கிறது. எதுவானாலும் கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும். தக்காளிச் சாற்றின் நாரில் பட்டதும் வாயு சரசரவென்று கிளம்பி நுரை பொங்கும். அவசரப்பட்டால் இறாலோடு சேர்ந்து மேசைக்கு வந்துவிடும்.